டீச்சர் பதில்கள்: பழுது இல்லாவிட்டால் கரண்ட் போகாது

போன இதழில், திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்த கறுப்பு வில்லை ஒன்று காந்தத்துக்கு மேலே அந்தரத்தில் நிற்பதைப் பற்றி நாலு வரி எழுதினேன். "இதற்குக் காரணம் அந்த வில்லைக்குள் இருக்கிற பழுதுகள்" என்று சொல்லிவிட்டு, இடம் போதாமல் நிறுத்திவிட்டேன். பழுதாவது, காரணமாவதாவது என்று சண்டைக்கே வந்துவிட்டீர்கள். ஆகவே இந்த முறை எல்லாப் பக்கமும் அதற்குத்தான். அந்த வில்லை ஒரு மீக்கடத்தி (சூப்பர் கண்டக்டர்), அதாவது போதிய அளவு குளிரவைத்தால் மின்தடையே இல்லாமல் கரண்டை விடும் பொருள். சனிப்பெயர்ச்சி பற்றிக் கேட்டிருக்கும் சோளிங்கர் அன்பர் மன்னிக்கவும், நான் பிசிக்ஸ் டீச்சர்.

எங்கள் புத்தகத்தில், மீக்கடத்தி காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடும், அதனால்தான் மிதக்கிறது என்று இருக்கிறது. ஆனால் யூடியூபில் காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் வில்லை அதன் அடியில் தொங்குகிறது. தள்ளுகிற பொருள் எப்படித் தொங்கும் டீச்சர்?
— பிளஸ் டூ மாணவர், ஆம்பூர்

தம்பி, இந்தக் கேள்விக்கு உனக்கு ஒரு பிளேட் பிரியாணி வாங்கித் தரலாம். ஆனால் ஆம்பூர்க்காரனுக்கு வேலூரிலிருந்து பிரியாணி அனுப்பினால் ஊர் சிரிக்கும்.

உன் புத்தகத்தில் இருப்பது பாதிக் கதை. 1933-ல் பெர்லினில் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் ஈயம், வெள்ளீயம் போன்ற உலோகங்களைக் குளிரவைத்துப் பார்த்தார்கள். அவை காந்தப்புலத்தை வெளியே தள்ளின. புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மீக்கடத்தல் ஒரேயடியாகச் செத்துப்போகும். ஒன்று புலம் முழுதாக வெளியே, இல்லாவிட்டால் முழுதாக உள்ளே. இது முதல் வகை. இந்த வகையைக் காந்தத்தின் மேல் மிதக்கவிடலாம், அடியில் தொங்கவிட முடியாது. நீ சந்தேகப்பட்டது சரி.

நீ பார்த்தது இரண்டாம் வகை. புலம் கொஞ்சம் வலுத்ததும் இது ஒரு சமரசத்துக்கு வந்துவிடும். புலத்தை மெல்லிய இழைகளாக உள்ளே விட்டுக்கொண்டு, மிச்ச உடம்பு முழுக்க மீக்கடத்தியாகவே இருக்கும். சோவியத் நாட்டின் கார்கோவ் நகரில் ஷுப்னிகோவ் என்பவர் 1930-களிலேயே ஈயக் கலப்புலோகங்களை வைத்து இதை அளந்து காட்டினார். 1937-ல் ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் அப்ரிகோசாவ். அவருடைய ஆசான் லண்டாவ் அதை ஒப்புக்கொள்ளாததால் கணக்கு சில வருஷம் மேஜை டிராயரில் கிடந்து, 1957-ல்தான் அச்சேறியது. நோபல் பரிசு 2003-ல். டிராயரில் கிடக்கும் காகிதங்களைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடும்முன் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது என் வழக்கம்.

ஒவ்வோர் இழையின் நடுவிலும் சில நானோமீட்டர் அகலத்துக்கு மீக்கடத்தல் செத்துப்போன ஒரு தண்டு இருக்கும். அதைச் சுற்றி மின்னோட்டம் ஓயாமல் வட்டமிடும். இதுதான் காந்தச் சுழல். எல்லாச் சுழலும் சுமக்கும் பாரம், அதாவது காந்தப் பாயம், ஒன்றே: 2.07 × 10⁻¹⁵ வெபர். பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும் எண். அரைச் சுழல், முக்கால் சுழல் என்று கிடையாது. புலத்தைக் கூட்டினால் சுழல் பருக்காது, எண்ணிக்கைதான் பெருகும். 1 டெஸ்லா புலத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் சுமார் 48 கோடி சுழல்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறக்குறைய 50 நானோமீட்டர்.

இவை ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். ஆகவே பழுதே இல்லாத படிகத்தில் கோலப்புள்ளி மாதிரி வரிசை பிடித்து நிற்கும். அப்ரிகோசாவ் போட்ட கணக்கில் நேர்ப்புள்ளி வந்தது. 1964-ல் வேறு சிலர் திரும்பப் போட்டுப் பார்த்தபோது இடைப்புள்ளிதான் சரி, ஒவ்வொரு புள்ளிக்கும் சுற்றி ஆறு பேர், என்று தெரிந்தது. 1967-ல் ஜெர்மனியில் மிக நுண்ணிய காந்தத் தூளைப் படியவிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமே எடுத்துவிட்டார்கள். சுத்தமான இடைப்புள்ளிக் கோலம்.

இந்தக் கோலத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு புள்ளியைத் தள்ளினால் வரிசை மொத்தமும் வழுக்கிக்கொண்டு போகும். அங்கங்கே நாலு புள்ளியைத் தரையோடு அறைந்து வைத்தால்தான் நிற்கும். அப்படி அறைந்து வைப்பவைதான் பழுதுகள், அதாவது படிகத்துக்குள் கிடக்கும் வேற்றுத் துளிகளும் ஓட்டைகளும்.

இனி உன் வில்லைக்கு வா. அதைக் காந்தத்தின் பக்கத்தில் வைத்தே குளிரவைக்கிறார்கள். ஏற்கெனவே அதன் ஊடாகப் போய்க்கொண்டிருந்த புலம், குளிர்ந்ததும் கோடிக்கணக்கான சுழல்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் கிட்டத்தில் இருக்கும் பழுதில் மாட்டிக்கொள்கிறது. பிறகு வில்லையைக் காந்தத்திலிருந்து விலக்கினால் சில சுழல்கள் வெளியேற வேண்டும். கிட்டே தள்ளினால் புதிதாகச் சில உள்ளே வர வேண்டும். இரண்டுக்கும் பழுதுகள் விடுவதில்லை. ஆகவே வில்லை கிட்டேயும் வராது, எட்டவும் போகாது.

ஓர் ஆய்வகத்தில் இதைப் பக்கத்தில் நின்று தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஓரமெல்லாம் பனி பூத்து வெளுத்த வில்லை, அடியில் வெண்புகை வழிகிறது. மர இடுக்கியால் ஒரு பக்கமாகச் சாய்த்தால் கைக்கு எதிர்ப்பு தெரிகிறது, இடுக்கியை எடுத்தபின்னும் சாய்ந்தபடியே நிற்கிறது. அதே வில்லையை வட்டக் காந்தத்தின் அச்சில் சுண்டிவிட்டால் தங்குதடையில்லாமல் சுற்றுகிறது. அந்தத் திசையில் போகும்போது புலம் மாறுவதில்லை, எந்தச் சுழலும் இடம்விட்டு இடம் பெயர வேண்டியதில்லை. பொதுத்தேர்வில் இதெல்லாம் எழுதாதே. புத்தகத்தில் இருப்பதை எழுதி மார்க்கை வாங்கிக்கொள்.

எங்கள் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக் குச்சிகள் வைக்கத் திரவ நைட்ரஜன் கேன் இருக்கிறது. அந்த வில்லை மட்டும் கிடைத்தால் நாங்களே செய்து பார்க்கலாமா மேடம்?
— மருந்தகப் பணியாளர், குடியாத்தம்

குளிர் போதும். திரவ நைட்ரஜன் கழித்தல் 196 டிகிரி, அதாவது 77 கெல்வின். அந்த வில்லை இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த பீங்கான். 92 கெல்வினுக்குக் கீழே போனால் மீக்கடத்தி ஆகிவிடும். நம் ஊர்ப் பக்கம் திரவ நைட்ரஜனைக் கண்ணால் பார்த்தவர்கள் கல்லூரிக்காரர்களைவிட மாடு வளர்ப்பவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

ஆனால் கேனில் கைவைக்காதீர்கள். மட்டம் இறங்கினால் குச்சிகள் கெட்டுப்போகும், ஊர் மாடெல்லாம் உங்களைத்தான் சபிக்கும். டாக்டர் சம்மதித்து, மிச்சமும் இருந்தால் தெர்மாகோல் கிண்ணத்தில் கொஞ்சம் வாங்கி, ஜன்னல்களைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். மூடி இறுக்கிய பாட்டிலில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. 1 லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாகும், பாட்டில் வெடிக்கும். அடைத்த அறையில் வாசனையே இல்லாமல் ஆக்சிஜனைக் குறைத்து மயக்கம் போடவைக்கும்.

வில்லை வாங்கும்போது உருக்கி வளர்த்ததா, வெறுமனே சுட்டெடுத்ததா என்று கேளுங்கள். பொடியை அழுத்திச் சுட்டெடுத்தது ஏதோ மிதக்கும், நன்றாகத் தொங்காது. உருக்கி வளர்ப்பது என்றால் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேலே கொண்டுபோய், மேலே ஒரு விதைப் படிகத்தை வைத்து, மெல்ல மெல்ல ஆறவிடுவது. அப்போது இட்ரியத்தை வேண்டுமென்றே கூடுதலாகப் போடுவார்கள். அந்த உபரி பச்சை நிறத்தில் ஒரு வேறு சேர்மமாகப் பிரிந்து, பொடிப்பொடியாகக் கறுப்புப் படிகத்துக்குள் சிக்கிக்கொள்ளும். அந்தப் பச்சைப் பொடிக்கு மின்தடை உண்டு, மீக்கடத்தல் கிடையாது. அதாவது பழுதை விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கிறார்கள்.

இப்படிச் செய்த வில்லைகள் எவ்வளவு புலத்தைப் பிடித்து வைக்கும் என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். 2003-ல் ஜப்பானில் 29 கெல்வினில் 17 டெஸ்லாவைத் தாண்டினார்கள். 2014-ல் கேம்பிரிட்ஜ் குழு 26 கெல்வினில் 17.6 டெஸ்லா எட்டியது. அந்த அளவில் சுழல்களின் பிடிவாதமே பீங்கானைப் பிளந்துவிடும் என்பதால், வில்லையைச் சுற்றி எஃகு வளையம் போட்டு இறுக்கியிருந்தார்கள்.

அம்மா, நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். தடையே இல்லாத கம்பி என்றால் எவ்வளவு கரண்ட் வேண்டுமானாலும் விடலாமே? அதில் பழுது எதற்கு? செம்பில் அழுக்கு இருந்தால் தடை கூடும், சூடாகும், வார்னிஷ் கருகும். இதுதானே நாங்கள் கண்டது?
— ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர்

ஐயா, செம்புக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. செம்பில் ஓடும் எலக்ட்ரான் வழியில் இருக்கும் அழுக்கில் எல்லாம் முட்டி மோதும், அதுதான் தடை. மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து ஒரே அலையாக ஓடுவதால், சின்னப் பழுது அந்த ஓட்டத்தை மறிப்பதில்லை. அங்கே வில்லன் வேறு. வில்லன் அந்தச் சுழல்தான்.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். காந்தப்புலத்தில் இருக்கும் கம்பியில் கரண்ட் விட்டால் அதன்மேல் ஒரு விசை விழும், ரோட்டர் அதனால்தான் சுற்றுகிறது. மீக்கடத்தியில் கரண்ட் விட்டால் அதே விசை சுழல்களின் மேலும் விழும், கரண்ட் போகும் திசைக்குக் குறுக்காக அவற்றைத் தள்ளும். சுழல் நகர்ந்தால்? நகரும் காந்தப்புலம் மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்பது டைனமோ கட்டுகிறவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மின்னழுத்தம் கரண்டின் திசையிலேயே விழுகிறது. மின்னழுத்தமும் கரண்டும் சேர்ந்தால் வாட், வாட் என்றால் சூடு. ஆக, எலக்ட்ரான் ஜோடிக்குத் தடை இல்லாவிட்டாலும், சுழல் நகரத் தொடங்கிய நிமிஷம் கம்பிக்குத் தடை வந்துவிட்டது. சூடு ஏறினால் இன்னும் சுழல்கள் அவிழும், இன்னும் சூடு, கடைசியில் மீக்கடத்தலே போய்விடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பழுதே இல்லாத படிகம் செய்தால் சுழல்கள் வழுக்கிக்கொண்டு ஓடும். புலத்துக்குள் வைத்தால் அது தடையில்லாமல் சுமக்கும் கரண்ட் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆய்வகத்தில் அளந்து ஆனந்தப்படலாம், காயில் சுற்ற உதவாது. இதை என் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் முன் பெஞ்சுப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். சுத்தம் என்றால் நல்லது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்த்த பழக்கம்.

பழுது எப்படிப் பிடிக்கிறது என்பதற்குக் காரணம் கணக்குவழக்குதான். சுழலின் நடுத்தண்டில் மீக்கடத்தல் செத்திருக்கிறது என்றேன். நல்ல பொருளுக்குள் தண்டு போடுவதற்கு அந்த இடத்தின் மீக்கடத்தலைக் கொல்ல ஆற்றல் செலவாகும். ஏற்கெனவே செத்த இடம் ஒன்று கிடைத்தால், அதாவது வேற்றுச் சேர்மத்தின் துளியோ, ஆக்சிஜன் அணுக்கள் விட்டுப்போன ஓட்டையோ இருந்தால், சுழல் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு அந்தச் செலவை மிச்சம் பிடிக்கும். அங்கிருந்து எழுப்ப வேண்டுமானால் மிச்சம் பிடித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும். கரண்டின் தள்ளு அதற்குப் போதாதவரை சுழல் அசையாது. போதும் என்றாகும் அளவுக்குப் பெயர் மாறுநிலை மின்னோட்டம். ஆகவே 'எவ்வளவு வேண்டுமானாலும்' கிடையாது. எவ்வளவு என்பதைப் பழுது தீர்மானிக்கிறது.

பழுதின் அளவு முக்கியம். ஒய்.பி.சி.ஓ. என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தக் கறுப்புப் பொருளில், கடும் குளிரில் தண்டின் ஆரம் 1.5 நானோமீட்டர் போல. ஒரு துளி அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் இடத்துக்கு இடம் வீண், கரண்ட் போக வேண்டிய வழியை அடைத்துக்கொள்ளும். சில நானோமீட்டரில் இருந்து, 1 டெஸ்லா புலத்துக்கு 50 நானோமீட்டருக்கு ஒன்று என்று பரவியிருந்தால் கச்சிதம்.

அப்படிச் செய்ய முதலில் முரட்டு வழியில் போனார்கள். 1991-ல் ஐ.பி.எம். குழு ஒன்று 580 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் வெள்ளீய அயனிகளை ஒய்.பி.சி.ஓ. படிகத்துக்குள் சுட்டது. ஒவ்வோர் அயனியும் போன வழியெல்லாம் அணு ஒழுங்கைக் குலைத்து, சில நானோமீட்டர் விட்டத்தில் நேரான தூண் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிற்று. சுழலும் ஒரு கோடு, தூணும் ஒரு கோடு. ஒரு புள்ளியில் மட்டும் பிடிபடாமல் நீளம் முழுக்கச் சுழல் பிடிபட்டது. பலன் பிரமாதம். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கம்பிக்கு ஆக்சிலரேட்டர் வைத்துச் சுடுவது கட்டுபடியாகிற காரியமா?

2004-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் வேறு வழி கண்டார்கள். படலத்தை வளர்க்கும்போதே பேரியம் சிர்க்கோனேட் என்ற இன்னொரு ஆக்சைடைக் கொஞ்சம் கலந்துவிட்டார்கள். அது ஒய்.பி.சி.ஓ.வோடு கலக்காது, அணு இடைவெளியும் பொருந்தாது. தானாக ஒதுங்கி, பொடித் துகள்களாக நின்றுவிடும். வளர்க்கும் நிலைமையைச் சரியாக வைத்தால் துகள் மேல் துகள் அமர்ந்து நெட்டுக்குத்தாகத் தூணாகவே எழும். விட்டம் 5 முதல் 10 நானோமீட்டர். சுடவும் வேண்டாம், செதுக்கவும் வேண்டாம்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி வெளிநாட்டிலிருந்து வந்தபோது, இப்படிப் படலம் வளர்த்த மீக்கடத்தி நாடாவில் ஒரு சாண் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கிறேன், நம்மூர்ப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். அகலம் 4 மில்லிமீட்டர், கனம் தடித்த காகிதம். இரண்டு பக்கமும் செம்பு மினுமினுக்கும், வளைத்துவிட்டால் ஸ்பிரிங் போல் நிமிரும். நிமிர்வது உள்ளே இருக்கும் நிக்கல் கலப்புலோகத்தால். மீக்கடத்தி அதில் 1 மைக்ரான், 2 மைக்ரான் படலம்தான், வெளியே தெரியவே தெரியாது. நீங்கள் செம்புக்குச் சதுர மில்லிமீட்டருக்கு நாலைந்து ஆம்பியர் என்று கணக்கு வைப்பீர்கள். இந்த நாடா திரவ நைட்ரஜனில், வெளிப்புலம் இல்லாமல், 100 ஆம்பியர் சாதாரணமாகச் சுமக்கும். 1 மைக்ரான் படலம் என்று வைத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 25,000 ஆம்பியர்.

உங்களுக்கு மட்டும் இன்னொன்று. தூண்கள் நட்டுக்குத்தாக நிற்பதால், புலமும் நட்டுக்குத்தாக வந்தால்தான் பிடி முழுசாக இருக்கும். காயிலின் ஓரங்களில் புலம் சாய்ந்து வருமே, அங்கே சுழல் ஒரு தூணில் பாதி, வெளியே பாதி என்று கிடக்கும். ஆகவே தூணோடு உருண்டைத் துகள்களையும் கலந்து போடுகிறார்கள். காயிலில் முதலில் தகராறு செய்வது எங்கே என்று உங்களைக் கேட்டால் ஓரம் என்றுதான் சொல்வீர்கள். இங்கேயும் அதே கதைதான்.

"குறைதான் பலம்" என்ற தலைப்பில் பட்டிமன்றம் பேசப் போகிறேன். விஞ்ஞானமும் இதைத்தான் சொல்கிறது என்று உங்கள் மீக்கடத்தியை எடுத்துக்காட்டலாமா?
— காட்பாடி வாசகர்

காட்டாதீர்கள். எதிரணியில் ஒரு பிசிக்ஸ் பிள்ளை உட்கார்ந்திருந்தால் மானம் போய்விடும்.

இந்தப் பொருள்களிலேயே கரண்டைக் கொல்லும் குறையும் இருக்கிறது. பீங்கான் என்பது பல பொடிப் படிகங்கள் ஒட்டியது. பக்கத்துப் பக்கத்துப் படிகங்களின் அணு வரிசை ஒரே திசையில் இல்லாமல் கொஞ்சம் திரும்பியிருந்தால், சேரும் எல்லையில் கரண்ட் தடுக்கி விழுகிறது. 1988-ல் ஐ.பி.எம்.மில் டிமோஸ், பிரவீண் சவுத்ரி, மான்ஹார்ட் ஆகியோர் இரண்டே படிகங்களை வேண்டிய கோணத்தில் ஒட்டிவைத்து இதை அளந்தார்கள். சவுத்ரி லூதியானாவில் பிறந்து கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். கோணம் 10 டிகிரியைத் தொடுவதற்குள் எல்லையைக் கடக்கும் கரண்ட் பத்தில் ஒன்றளவுக்கு விழுந்துவிடுகிறது. மீக்கடத்தியின் ஜோடிகள் 1.5 நானோமீட்டர் எட்டத்துக்குத்தான் கைகோக்கும். எல்லையில் அந்த அகலத்துக்கு அணுக்கள் குலைந்து கிடந்தால் கை எட்டுவதில்லை. சுழலும் அந்த எல்லையோடு சுலபமாக வழுக்குகிறது.

இதனால் 1987-ல் "நாளைக்கே மின்கம்பி" என்று பத்திரிகைகள் எழுதியது நடக்க வருஷக்கணக்காயிற்று. உலோக நாடாவின் மேல் மக்னீசியம் ஆக்சைடைப் படியவைக்கும்போதே அயனிக் கற்றையைச் சாய்வாக அடித்து, எல்லாப் படிகத்தையும் சில டிகிரிக்குள் ஒரே திசை பார்க்கவைத்து, அதன்மேல் மீக்கடத்தியை வளர்க்கக் கற்ற பிறகுதான் நாடா தேறியது.

இதைவிட உங்களைக் குழப்ப ஒன்று சொல்கிறேன். நயோபியம்-வெள்ளீயம் என்ற பழைய மீக்கடத்தியில் சுழலைப் பிடித்து நிறுத்துவதே இந்தப் படிக எல்லைகள்தான். அங்கே எல்லை கூடக்கூடக் கரண்ட் கூடும். ஒரே குறை ஒரு வீட்டில் மகாலட்சுமி, இன்னொரு வீட்டில் மூதேவி. வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளுங்கள், "மாமியாரா மருமகளா" என்றைக்கும் கைவிடாது.

2023-ல் அறை வெப்பத்திலேயே வேலை செய்யும் மீக்கடத்தி என்று கொரியாவிலிருந்து ஒரு வீடியோ வந்ததே, என்ன ஆயிற்று?
— நெசவாளர், ஆரணி

எல்.கே.-99. ஒன்றும் ஆகவில்லை. அந்தத் துண்டு ஒரு முனை காந்தத்தில் ஊன்றி, மறு முனை தூக்கி நின்றது. சாதாரணக் காந்தக் குணத்தாலேயே அப்படி நிற்கலாம். பல நாட்டு ஆய்வகங்கள் செய்து பார்த்ததில் மின்தடை திடீரென விழுந்தது அதில் கலந்திருந்த செம்பு சல்ஃபைடின் வேலை என்று சில வாரங்களில் தெரிந்துவிட்டது. ஊரெல்லாம் அதைப் பகிர்ந்தவர்கள் இதைப் பகிரவில்லை.

அவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேலூர் வந்திருந்தோம். காத்திருந்தபோது அங்கிருந்த தம்பியிடம் பேசியதில், உள்ளே இருக்கும் காந்தத்தை எப்போதும் ஹீலியத்தில் வைத்திருக்க வேண்டும், விலை அதிகம் என்றார். நைட்ரஜனில் வேலை செய்யும் பொருள்தான் எப்போதோ வந்துவிட்டதே, ஏன் மாற்றவில்லை டீச்சரம்மா?
— குடும்பத் தலைவி, செய்யாறு

அவர் உடம்பு தேறிவருகிறது என்று நினைக்கிறேன். ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து இப்படி ஒரு கேள்வியைப் பிடித்தீர்களே, அதைச் சொல்லுங்கள்.

அந்தக் காந்தம் நயோபியம்-டைட்டானியம் கம்பியில் சுற்றியது. சுமார் 9 கெல்வினுக்குக் கீழேதான் மீக்கடத்தி, அதனால் 4.2 கெல்வினில் கொதிக்கும் திரவ ஹீலியம். ராத்திரி ஆள் இல்லாதபோதும் காந்தம் உயிரோடுதான் இருக்கும். நீங்கள் கேட்ட டக்டக் சத்தம் வேறு காயில்களுடையது. இந்தக் கம்பியிலும் பழுதுதான் சூட்சுமம். இழுத்து, சூடுபண்ணி, மறுபடி இழுத்து, உள்ளே டைட்டானியம் நானோமீட்டர் கனத்தில் நாடா நாடாவாகப் பிரியும்படி செய்கிறார்கள். உலோகம் என்பதால் வளையும், மலிவு, முனைகளைத் தடையில்லாமல் இணைக்கவும் தெரியும். பீங்கான் நாடாவில் அந்த இணைப்பே பெரிய தலைவலி.

ஆனால் முக்கியக் காரணம் வெப்பம். 1986-ல் சூரிக்கில் பெட்னோர்ஸும் முல்லரும் செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்த இந்தப் பீங்கான் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருஷமே நோபல் வாங்கினார்கள். 1987-ல் சூ, வூ என்ற ஆய்வாளர்களின் குழுக்கள் ஒய்.பி.சி.ஓ.வை 90 கெல்வினுக்கு மேலே கொண்டுபோயின. மீக்கடத்தல் 77 கெல்வினில் இருக்கிறது, சரி. சுழல் நிற்கிறதா என்பது தனிக் கேள்வி. 77 கெல்வினில் வெப்ப ஆட்டம் ஹீலியக் குளிரில் இருப்பதைவிடப் பதினெட்டு மடங்கு. தண்டோ மெல்லிசு, ஆகவே பழுதில் உட்காருவதால் மிச்சமாகும் ஆற்றலும் குறைவு. தள்ளு போதாதபோதும் ஆட்டத்திலேயே சுழல் ஒரு பழுதிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். இந்த ஊர்தலை 1962-ல் ஆண்டர்சன் பழைய மீக்கடத்திகளுக்கே சொல்லிவிட்டார், இந்தப் புதிய குடும்பத்தில் அது பூதாகாரமாக வந்து நின்றது. பிடித்துவைத்த புலம் 10 வினாடியில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அடுத்து 100 வினாடிக்குள் குறையும், அப்புறம் 1,000 வினாடிக்குள். நிற்காது, ஆனால் வரவரச் சோம்பும்.

பிஸ்மத் சேர்ந்த இன்னொரு பொருள் இன்னும் மோசம். அது அடுக்கடுக்கான பொருள், அடுக்குகளுக்குள் ஒட்டுறவு கம்மி. சுழல் முழுக் கோடாக இல்லாமல் அடுக்குக்கு ஒரு வட்டத் துண்டாக உடைந்து, துண்டுகள் தனித்தனியே அலையும். ஒரு தூணில் ஒரு துண்டு பிடிபட்டால் மேலும் கீழும் இருப்பவை கண்டுகொள்வதில்லை. 85 கெல்வின் வரை மீக்கடத்தி என்று பேர், திரவ நைட்ரஜனில் வலுவான புலத்தில் வைத்தால் கரண்ட் தாங்காது. இன்னும் சூடேறினால் சுழல் கூட்டமே உருகித் திரவமாகிவிடும், அப்போது எந்தப் பழுதாலும் பிடிக்க முடியாது.

அதனால் இப்போது செய்வது இடைப்பட்ட வழி. ஒய்.பி.சி.ஓ. குடும்பத்து நாடாவை எடுத்து, 77-ல் வைக்காமல் 20 கெல்வின்வரை குளிரவைத்துச் சுழல்களை அடக்கிவிடுகிறார்கள். 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் அணுக்கரு இணைவுக்காகச் செய்த காந்தம் அப்படித்தான் 20 டெஸ்லா கொடுத்தது. 260 கிலோமீட்டருக்கு மேல் நாடா சுற்றியிருந்தார்கள், வேலூரிலிருந்து சென்னை போய்த் திரும்புகிற தூரத்துக்குப் பக்கம். உங்கள் ஸ்கேன் மெஷினுக்கு 1.5 டெஸ்லாவோ 3 டெஸ்லாவோ போதும். அதற்குப் பழைய கம்பியே சல்லிசு. ஹீலியத்தின் விலை ஏறஏற இந்தக் கணக்கு மாறலாம்.

பி.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருஷம். இந்தத் துறைக்குப் போக என்ன செய்ய வேண்டும், மேடம்?
— கல்லூரி மாணவி, ஆற்காடு

எம்.எஸ்சி. முடித்து ஜெஸ்ட், கேட், நெட் தேர்வுகள் மூன்றையும் எழுதும்மா. பக்கத்தில் என்றால் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் மீக்கடத்தி வேலை நடக்கிறது. பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனம் (ஐ.ஐ.எஸ்சி.), மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டி.ஐ.எஃப்.ஆர்.) இருக்கின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கி எங்கே பழகக் கிடைத்தாலும் பழகு. இந்த ஆராய்ச்சியில் பாதி நாள் பழுதுகளை எண்ணி அளப்பதில்தான் போகிறது. ஐ.ஐ.எஸ்சி. ஆண்டுக்கொருமுறை பொதுமக்களுக்கு ஆய்வகங்களைத் திறந்துவிடுவார்கள். தேதி பார்த்துக்கொண்டு காட்பாடியில் காலை ரயில் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பலாம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ, அவருக்கும் பார்த்த மாதிரி இருக்கும்.